அல்தாஃப் மஹ்மூத்: மொழிக்கு மெட்டமைத்தவர்

என் மூத்த மகன் டாக்காவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலம். 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் வாடகைக்கிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நானும் அதே தொழிலில் இருந்தவன் என்பதால் இரண்டு நாளிலேயே சிநேகிதராகிவிட்டோம். 20ஆம் திகதி இரவு, "நாளைக்குச் சுபஹ் தொழுததும் என்னோடு வருகிறீர்களா? செருப்புப் போடக்கூடாது" என்றார். எங்கே, எதற்கு என்று நான் கேட்கவில்லை.

விடியற்காலையில் வெறுங்காலோடு நடந்தோம். தெருவெல்லாம் சனம். ஆண்கள், பெண்கள், தோளில் பிள்ளைகளைத் தூக்கிவந்த வாப்பாமார். பலருடைய கைகளில் பூ. பெண்கள் பெரும்பாலும் கறுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை. ஆஸிம்பூர் மையவாடியையும் மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்திலுள்ள ஷஹீத் மினாரையும் நோக்கி அந்தக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். வாத்தியமில்லை. தாழ்ந்த குரலில் தொடங்கி, மெல்ல ஏறி, பெருமூச்சு விடுவதுபோல இறங்கி வருகிற மெட்டு. எனக்கு வங்காளம் தெரியாது. ஆனால் காதுக்குப் பழகிய ஏதோவொன்று அதில் இருந்தது. நம் ஊரில் மௌலூது மாதத்தில் பெரியவர்கள் கூடியிருந்து ஓதுகிற பைத்துகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

திரும்பி வரும்போது ஆசிரியரிடம் கேட்டேன், இந்த மெட்டைப் போட்டவர் யாரென்று. "அல்தாஃப் மஹ்மூத். சினிமாவுக்கும் இசையமைத்தவர்" என்றார். ஆஸிம்பூரைக் கடந்துதானே வந்தோம், அவருடைய கபுரும் அங்கேதானா என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அவருக்குக் கபுர் இல்லை" என்றார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

எங்கள் வீட்டில் 1971

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 1971இல் எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீட்டில், ஏன், எங்கள் தெருவிலேயே பாகிஸ்தான் என்றால் ஒரு தனி மரியாதை. அது முஸ்லிம்களின் நாடு; அதற்கு ஒரு கேடு வந்தால் நமக்கு வந்த மாதிரி. கிழக்குப் பாகிஸ்தானில் கொலைகள் நடக்கின்றன என்று வானொலியில் செய்தி வந்தால் வாப்பா, "இதெல்லாம் இந்தியாக்காரன்ட பொய்" என்று சொல்லி ரேடியோவை நிறுத்திவிடுவார். தன் வான்பரப்பில் பாகிஸ்தான் விமானங்கள் பறக்க இந்தியா தடை விதித்திருந்ததால், கராச்சியிலிருந்து டாக்கா போகும் விமானங்கள் இலங்கையைச் சுற்றிப்போய், கட்டுநாயக்கவில் எண்ணெய் நிரப்பிக்கொண்ட வருடம் அது. அதை ஒரு நல்ல காரியமாகவே எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த விமானங்கள் எதை ஏற்றிப் போயின, போன இடத்தில் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

எனவே அல்தாஃப் மஹ்மூதின் வாழ்க்கையைப் படிப்பது எனக்கு வெறும் இசை வரலாற்றுப் பாடமாக இருக்கவில்லை.

மொழிப் பிரச்சினை

1947இல் பாகிஸ்தான் பிறந்தபோது அதன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிழக்கே இருந்தார்கள். அவர்களுடைய மொழி வங்காளம். மேற்கிலோ உர்துவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சிறு தொகையினரே. இருந்தும் 1948 மார்ச் 21ஆம் திகதி டாக்காவின் ரம்னா குதிரைப் பந்தயத் திடலில் பேசிய முஹம்மதலி ஜின்னாஹ், பாகிஸ்தானின் அரசமொழி உர்து மட்டுமே என்று அறிவித்தார். 1952 ஜனவரியில் பிரதமர் கவாஜா நாஸிமுத்தீன் டாக்காவுக்கு வந்து அதையே திரும்பச் சொன்னார். உர்து முஸ்லிம்களின் மொழி, வங்காளத்தில் இந்துச் சாயல் இருக்கிறது என்ற எண்ணமும் இதற்குப் பின்னால் இருந்தது.

1952 பெப்ரவரி 21ஆம் திகதி தடையுத்தரவை மீறி மாணவர்கள் திரண்டார்கள். மருத்துவக் கல்லூரி விடுதிக்கருகில் பொலிஸார் சுட்டார்கள். ரபீக்குத்தீன், அபுல் பரக்கத், அப்துல் ஜப்பார் ஆகியோர் அன்று கொல்லப்பட்டனர். மறுநாள் ஷபீஉர் ரஹ்மான். சூடுபட்டுக் கிடந்த அப்துஸ் ஸலாம் ஏப்ரலில் மௌத்தானார். பெயர்களைக் கவனியுங்கள். சுடப்பட்டவர்கள் முஸ்லிம்கள், சுட உத்தரவிட்டதும் முஸ்லிம்களுக்கென்று உண்டாக்கப்பட்ட அரசு.

வங்காளத்தில் 'ஏகுஷே' என்றால் இருபத்தொன்று. இன்றைக்கும் அந்த நாளுக்கு அங்கே அதுவே பெயர்.

பாரிசாலின் மூவர்

அல்தாஃப் மஹ்மூத் 1933 டிசம்பர் 23ஆம் திகதி பாரிசால் மாவட்டத்தின் முலாதி பகுதியிலுள்ள பாதார்சர் கிராமத்தில் பிறந்தார். பாரிசால் ஆறுகளின் நாடு. ஊருக்கு ஊர் வள்ளத்தில்தான் போக்குவரத்து. நெல் விளைகிற பூமி. வள்ளமோட்டிகள் பாடும் பாட்டியாலிப் பாடல்களுக்குப் பேர்போன பிரதேசம். வாவியும் வயலும் கவியுமாக வாழ்கிற நம் கிழக்கு மாகாணத்தவர்க்கு அந்த ஊரைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

பாரிசால் மாவட்டப் பாடசாலையில் படித்து, பிரஜமோகன் கல்லூரியில் சேர்ந்து, பின் சித்திரம் பயிலக் கல்கத்தாவுக்கும் போனார். சுரேன் ராய் என்ற கலைஞரிடம் வயலின் கற்றார். 1950இல் டாக்காவுக்கு வந்து 'தூம்கேது சில்பி சங்க' என்ற கலைஞர் அமைப்பில் சேர்ந்தார். தூம்கேது என்றால் வால்வெள்ளி. கவிஞர் நஸ்ருல் இஸ்லாம் நடத்திய பத்திரிகைக்கும் அதுவே பெயர். பின்னாளில் அந்த அமைப்பின் இசைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. மொழிப் போராட்டத்துக்காகப் பாட்டும் ஆர்மோனியமுமாக ஊரூராகத் திரிந்த இளைஞர்களில் அவரும் ஒருவர்.

1952 பெப்ரவரி 21ஆம் திகதி டாக்கா கல்லூரி மாணவர் ஒருவர் மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே தலையில் சூடுபட்டு இறந்த ரபீக்கின் உடலைப் பார்க்கிறார். இது என் தம்பியின் மையித்தல்லவா என்று அவருக்குத் தோன்றுகிறது. அந்த உணர்வில் பிறந்த கவிதைதான் ஏகுஷே பாடல். எழுதியவர் அப்துல் கப்பார் சௌத்ரி. 1953இல் ஹஸன் ஹபீஸுர் ரஹ்மான் தொகுத்த ஏகுஷே மலரில் அது அச்சேறியது. அரசாங்கம் அந்த மலரைத் தடைசெய்தது.

கவிதைக்கு முதலில் மெட்டமைத்துப் பாடியவர் அப்துல் லதீப். அந்த மெட்டும் பாடப்பட்டது. சிறிது காலத்தில், இருபது வயதை ஒட்டிய அல்தாஃப் மஹ்மூத் அதே வரிகளுக்கு வேறொரு மெட்டுப் போட்டார். மூத்தவரான லதீப் அதை மனமுவந்து ஏற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். இன்றுவரை பாடப்படுவது அந்த இரண்டாவது மெட்டுத்தான். எழுதியவர், முதல் மெட்டுப் போட்டவர், இரண்டாவது மெட்டுப் போட்டவர் மூவருமே பாரிசால்காரர்கள்.

அந்த மெட்டில் என்ன இருக்கிறது? நான் இசை படித்தவனல்ல. வெறுங்காலோடு அந்தக் கூட்டத்தில் நடந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்லலாம். சோகத்தில் மெதுவாக நடக்கிறவர்களின் காலடி வேகம்தான் அதன் வேகம். பயிற்சியில்லாத தொண்டையும் எட்டக்கூடிய சுரங்கள். ஒருவர் மூச்சுவாங்க நிறுத்தினால் பக்கத்திலிருப்பவர் தொடரலாம். கவிதை நீளமானது, மக்கள் வாயில் நின்றது அதன் தொடக்க வரிகள் மட்டுமே. மேடையில் ஒருவர் பாட மற்றவர்கள் கேட்பதற்குரிய பாட்டல்ல அது. கூட்டமே பாடுவதற்கென்று அமைந்தது. அரசாங்கம் புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம். ஆயிரம் பேருக்கு மனப்பாடமான மெட்டை எந்தப் பொலிஸ் பறிமுதல் செய்யும்?

கராச்சியில் தங்கியவர்

1950களின் நடுப்பகுதியில் வியன்னாவில் நடந்த சமாதான மாநாட்டுக்கு அழைக்கப்பட்டுக் கராச்சிவரை போனார் அல்தாஃப் மஹ்மூத். அங்கே அரசாங்கம் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டது. வியன்னா போகவில்லை. அவர் உடனே ஊர் திரும்பவுமில்லை. 1960களின் தொடக்கம் வரை கராச்சியிலேயே தங்கிவிட்டார்.

இந்தக் கட்டத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்ததுண்டு. உர்து மொழித் திணிப்புக்கு எதிராகப் பாடியவர், உர்து பேசும் நகரத்தில் என்ன செய்தார்? படித்தார். உஸ்தாத் அப்துல் காதிர் கானிடம் சாஸ்திரிய சங்கீதம் பயின்றார். அங்கே பாகிஸ்தான் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த வங்காளியான தேபு பட்டாச்சார்யாவிடம் உதவியாளராக வேலைசெய்து சினிமா இசையின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொண்டார். வாத்தியக்காரர்களை எப்படி வேலைவாங்குவது, ஒரு காட்சியின் அளவுக்கு இசையை எப்படி வெட்டி ஒட்டுவது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் வராத பாடம்.

டாக்கா திரும்பியபின் அவர் தனியாக இசையமைத்த முதல் படம் 'தன்ஹா'. அது உர்துப் படம். அடுத்து வந்த 'கைஸே கஹூன்' என்பதும் அப்படியே. அப்போது டாக்காவில் எடுத்த படங்களுக்குக் கராச்சி, லாஹூரிலும் சந்தை தேவைப்பட்டதால் உர்துப் படங்கள் நிறைய வந்தன. ஆக, இந்த மனிதருக்கு உர்துவோடு பகையில்லை. அவர் எதிர்த்தது, ஒரு மொழியை மற்ற மொழியின் கழுத்தில் ஏற்றிவைத்ததை.

சினிமாக்காரர்

1966இல் ஸஹீர் ரைஹான் இயக்கிய 'பேஹுலா' வந்தது. பாம்பு தீண்டிய கணவனின் உயிரை மீட்க அவன் உடலோடு தெப்பத்தில் மிதந்துபோகும் பெண்ணின் நாட்டார் கதை. வங்காளத்தில் இந்து, முஸ்லிம் என்ற பேதமின்றி எல்லாக் கிராமங்களிலும் பாடப்பட்டு வந்தது. பின்னாளில் பங்களாதேஷ் சினிமாவின் பெரும் நாயகனான ரஸ்ஸாக் கதாநாயகனாக அறிமுகமானதும் இதிலேதான். பிள்ளைப் பிராயத்தில் ஆற்றங்கரையில் கேட்ட பாட்டும் கராச்சியில் கற்ற சாஸ்திரியமும் அல்தாஃப் மஹ்மூதுக்கு ஒருங்கே கைகொடுத்த படம் இது. அடுத்த வருடம் அதே இயக்குநரின் 'ஆன்வாரா'. நஜீபர் ரஹ்மான் எழுதி, வங்காள முஸ்லிம் வீடுகளில் பரவலாகப் படிக்கப்பட்ட நாவலின் திரைவடிவம். 'பேஹுலா'வின் நாட்டார் உலகத்துக்கும் 'ஆன்வாரா'வின் முஸ்லிம் குடும்பத்துக்கும் ஒரே மனிதர் இசையமைத்தார். வங்காளம் யாருடைய மொழி என்று கேட்டவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

1966இல்தான் ஸாரா ஆராவைத் திருமணம் செய்தார். 1968இல் மகள் ஷாவோன் பிறந்தாள். தொழிலில் பேரும் குடும்பத்தில் நிம்மதியும் இருந்த வருடங்கள் அவை.

1970இல் ஸஹீர் ரைஹானின் 'ஜீபன் தேகே நேயா' வெளியானது. வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பிலே செருகிக்கொண்டு எல்லோரையும் அடக்கியாளும் ஒரு பெண்ணின் கதையாகச் சொல்லி, இராணுவ ஆட்சியைக் கேலிசெய்த படம். அதன் இசையமைப்பாளர் கான் அதாவுர் ரஹ்மான். ஆனால் விடியற்கால ஊர்வலக் காட்சியில் ஒலிப்பது அல்தாஃப் மஹ்மூதின் ஏகுஷே மெட்டு. தெருவில் பிறந்த மெட்டு கிராமத்துக் கொட்டகைகள்வரை போனது அப்படித்தான்.

கொல்லைப்புறத்து மண்

1971 மார்ச் 25ஆம் திகதி இரவு பாகிஸ்தான் இராணுவம் டாக்காவில் தாக்குதல் தொடங்கியது. முதல் இலக்குகளில் ஒன்று ராஜார்பாக் பொலிஸ் முகாம். அல்தாஃப் மஹ்மூதின் வீடு அதற்கு எதிரே இருந்தது.

பலர் எல்லை தாண்டி இந்தியாவுக்குப் போனார்கள். அவர் போகவில்லை. டாக்காவில் இருந்துகொண்டே இரகசியமாகப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, எல்லைக்கப்பால் இயங்கிய சுதந்திர வங்காள வானொலிக்கு ஆட்கள் மூலம் அனுப்பினார். அத்தோடு நிற்கவுமில்லை. நகருக்குள் திடீர்த் தாக்குதல்கள் நடத்திவந்த 'கிராக் பிளட்டூன்' என்ற இளைஞர் குழுவுக்கு அவர் வீடு தங்குமிடமானது. அவர்களுடைய ஆயுதப் பெட்டிகள் அவருடைய கொல்லைப்புறத்தில் புதைக்கப்பட்டன.

ஓகஸ்ட் மாதக் கடைசியில் அந்தக் குழுவினர் ஒருவர்பின் ஒருவராகப் பிடிபட்டார்கள். 30ஆம் திகதி விடியற்காலையில் இராணுவம் அவர் வீட்டைச் சூழ்ந்தது. அல்தாஃப் மஹ்மூத் யாரென்று கேட்டார்கள். நான்தான் என்று முன்னால் வந்தார். அவர் கையாலேயே மண்ணைத் தோண்டிப் பெட்டிகளை எடுக்கவைத்தார்கள். மூன்று வயது மகள் வீட்டுக்குள்ளே இருந்தாள். வீட்டிலிருந்த மைத்துனர்களையும் சேர்த்து நாக்கால்பாராவிலுள்ள சட்டமன்ற உறுப்பினர் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அது சித்திரவதைக் கூடம். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆயுதங்களுக்கு நானே பொறுப்பு என்று சொன்னார் என்பது உயிரோடு திரும்பியவர்களின் சாட்சியம். மைத்துனர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அவர் திரும்பவில்லை. செப்டம்பருக்குப் பின் அவரைக் கண்டவர் யாருமில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. வயது 37.

டிசம்பர் 16ஆம் திகதி யுத்தம் முடிந்தது. ஆறு கிழமை கழித்து, 1972 ஜனவரி 30ஆம் திகதி, காணாமற்போன தன் அண்ணனைத் தேடிப் போன ஸஹீர் ரைஹானும் காணாமற்போனார்.

மினாரும் மெட்டும்

1952 பெப்ரவரியில் மாணவர்கள் ஓரிரவில் எழுப்பிய முதல் ஷஹீத் மினாரைப் பொலிஸார் சில நாட்களிலேயே இடித்தார்கள். பின்பு கட்டிய பெரிய மினாரை 1971இல் இராணுவம் தகர்த்தது. இன்று நிற்பது அதற்குப் பின்னர் மீண்டும் எழுப்பியது. இத்தனைக்கும் இடையில் அந்த மெட்டு ஒரு வருடமும் நிற்கவில்லை. 1999 நவம்பரில் யுனெஸ்கோ பெப்ரவரி 21ஐச் சர்வதேசத் தாய்மொழி தினமாகப் பிரகடனம் செய்தது. அல்தாஃப் மஹ்மூதுக்கு 1977இல் ஏகுஷே விருதும் 2004இல் சுதந்திர தின விருதும் அவருடைய மறைவுக்குப் பின் வழங்கப்பட்டன. அவர் மெட்டில் நிலைத்த நாளின் பெயரிலேயே ஒரு விருது.

நமக்கு இதில் என்ன?

1956இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பாகிஸ்தானின் அரசியலமைப்பு, உர்துவோடு வங்காளத்தையும் அரசமொழியாக ஏற்றது. ஜூனில் இலங்கைப் பாராளுமன்றம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அப்போது நம் தலைவர்களிலும் அதை ஆதரித்தவர்கள் இருந்தார்கள். முஸ்லிமுக்கு மார்க்கம் போதும், மொழி எதுவாயிருந்தால் என்ன என்ற பேச்சு இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறது. அறிஞர் அஸீஸ் தமிழே நம் தாய்மொழி என்று வாதாடியதும், கலாநிதி உவைஸ் நம் முன்னோரின் தமிழ் நூல்களைத் தேடித்தேடித் தொகுத்ததும் இந்தப் பேச்சுக்கு நடுவிலேதான்.

மார்க்கமும் மொழியும் ஒன்றையொன்று தின்ன வேண்டியதில்லை என்பதற்கு அல்தாஃப் மஹ்மூத் ஒரு சாட்சி. அதேநேரம் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. 1971இல் உர்து பேசிய பிஹாரி முஸ்லிம்களும் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் டாக்காவின் முகாம்களில் வாழ்ந்தார்கள். மொழியின் பெயரால் அநியாயத்துக்கு ஆளானவர்கள் அதே பெயரால் அநியாயம் செய்யவும் கூடும். உர்து உஸ்தாதின் காலடியில் இருந்து படித்த மனிதர் அதை எப்படிப் பார்த்திருப்பார் என்று கேட்க அவர் இல்லை.

ஓகஸ்ட் 30 இப்போது வலிந்து காணாமலாக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம். அவர் பிடிக்கப்பட்ட அதே திகதி. திகதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் 1990இல் பயணம் போய்த் திரும்பாத பிள்ளைகளின் உம்மாமார் இன்னும் இருக்கிற ஊர்களில் வாழ்கிற நமக்கு, கபுரில்லாத வீடு எப்படியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

டாக்காவிலிருந்து வந்த பின் ஒருநாள், கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வந்த அந்த ஊர்வலப் பாட்டை வாப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது; கண் பார்வை மங்கல். முழுவதையும் கேட்டார்.

"என்ன பைத்து மகன் இது?"

சொன்னேன். 1952ஐச் சொன்னேன். 1971ஐயும் சொன்னேன். இந்தமுறை அவர் இந்தியாக்காரனின் பொய் என்று சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த மனுசன்ட மையித்தாவது கிடைச்சிதா?"

"இல்ல வாப்பா."

தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கையை ஏந்தி யாஸீனைத் தொடங்கினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.